பாஸ் விலையைப் பார்ப்பதற்கு முன்னால்: கோலாலம்பூர் ரயிலில் நான் போட்ட கணக்குகள்

50 வெள்ளிக்கு (ரிங்கிட்) 30 நாள் ரேபிட் கேஎல் நிறுவனத்தின் ரயிலிலும் பஸ்ஸிலும் எவ்வளவு வேண்டுமானாலும் போக விடும் மை50 பாஸை மாதா மாதம் புதுப்பிக்கிற வேலையே வேண்டாம், வருசத்துக்கு ஒரே தடவையாகக் காசைக் கட்டிவிட்டால் கொஞ்சம் தள்ளுபடி தர மாட்டார்களா என்று எங்கள் ஆபீசில் ஒரு பேச்சு அடிக்கடி கிளம்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு ஆசை இல்லை. ரயில் சலுகை என்பது இந்த ஊரில் சில வருசத்துக்குள் எத்தனை தடவை உருமாறியிருக்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவனுக்கு, ஒரு வருசக் காசை முன்கூட்டியே கொடுக்கக் கை வராது. அதே சமயம் பாஸே வேண்டாம் என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. எதைப் பார்த்து வாங்குவது, எதைப் பார்த்து ஏமாறாமல் இருப்பது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

என் வீடு நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் காஜாங். வேலை நகர நடுவில், இரட்டைக் கோபுரம் இருக்கும் கேஎல்சிசி பக்கம். முன்பெல்லாம் கேடிஎம் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் பெரிய ஸ்டேஷனான கேஎல் சென்ட்ரல் வந்து அங்கிருந்து எல்ஆர்டி என்ற நகர ரயிலைப் பிடிப்பேன். 2015 டிசம்பரில் எல்ஆர்டி, மோனோரயில், கொமுட்டர் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் கட்டணம் ஏறியது; கொமுட்டர் கிலோமீட்டருக்கு 11 காசு என்று இருந்தது 15 காசு ஆனது. காஜாங் மாதிரி தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் அந்த நாலு காசு வலி தெரியும். அப்புறம் 2017 ஜூலையில் எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயில் காஜாங் வரைக்கும் வந்தது. திறந்த புதிதில் ஆகஸ்ட் கடைசி வரை பாதிக் கட்டணம். அந்த அரை விலைக்குப் பழகிப்போய், செப்டம்பரில் முழுக் கட்டணம் கழியும்போது ஏதோ விலை ஏற்றிவிட்டார்கள் என்பது போலவே பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். விலை ஏறவே இல்லை, சலுகை முடிந்தது, அவ்வளவுதான். இந்த மயக்கம்தான் பின்னாடி வந்த ஒவ்வொரு மாற்றத்திலும் திரும்பத் திரும்ப வந்தது.

2019 தொடக்கத்தில் இரண்டு பாஸ் வந்தன. மை100 என்றால் 100 வெள்ளிக்கு 30 நாள், ரேபிட் கேஎல் ரயிலும் பஸ்ஸும் எவ்வளவு வேண்டுமானாலும். மை50 என்றால் 50 வெள்ளி, ஆனால் பஸ் மட்டும்தான். இதை நிறைய பேர் இப்போது மறந்துவிட்டார்கள். நான் அப்போது ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு வழிக்கு 2 வெள்ளி 50 காசு ஆகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 22 வேலை நாள், போக வர 44 பயணம், 110 வெள்ளி. 100 வெள்ளிப் பாஸ் எடுத்தால் 10 வெள்ளி மிச்சம். ஆனால் இரண்டு நாள் லீவு போட்டால் அந்த 10 வெள்ளியும் போய்விடும். மூன்றாவது நாள் நீங்கள்தான் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். என் தூரத்துக்கு மை100 லாபமாகத்தான் இருந்தது, ஆனால் என் பக்கத்து மேசையில் இருந்த சகோதரி என்னைவிடக் கிட்டத்தில், செராஸ் பக்கத்திலிருந்து வருபவர், எல்லாரும் வாங்குகிறார்களே என்று அவரும் வாங்கிக்கொண்டிருந்தார். கணக்குப் போட்டுக் காட்டியதும் அடுத்த மாதமே விட்டுவிட்டார்.

2020 ஜூன் 15இல் மை30 வந்தது. கோவிட் நேர பொருளாதார மீட்புத் திட்டத்தில் ஒரு அங்கம் அது, அந்த வருசக் கடைசி வரைக்கும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். 30 வெள்ளிக்கு ரயிலும் பஸ்ஸும்! இதைவிட மலிவாக நான் கோலாலம்பூரில் போனதே இல்லை. கொடுமை என்னவென்றால், அந்தச் சமயத்தில்தான் போக இடம் இல்லை. பாதி ஆபீஸ் வீட்டிலிருந்து வேலை, அக்டோபரில் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாடு. 30 வெள்ளிப் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாள் ஆபீஸ் போனவர்கள் பாஸ் இல்லாமல் காசுக் கார்டைக் கேட்டில் தொட்டுப் போயிருந்தால் இன்னும் குறைவாகவே ஆகியிருக்கும். விலை குறைவாக இருப்பதும் நமக்கு லாபமாக இருப்பதும் ஒன்றில்லை என்று எனக்குப் புரிந்தது அந்த மாதங்களில்தான்.

2021 ஜனவரியிலிருந்து மை50. பெயர் பழையது, உள்ளே இருப்பது வேறு. பஸ் மட்டும் என்று இருந்த 50 வெள்ளிப் பெயரில் இப்போது எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், தனிப் பாதையில் ஓடும் பிஆர்டி பஸ், சாதாரண பஸ் எல்லாமே அடக்கம். பழைய மை100 கொடுத்ததை அதில் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் அன்றைக்கு ஸ்டேஷனில் கேட்ட பேச்சு என்ன தெரியுமா? “முப்பதிலிருந்து ஐம்பதாக்கிட்டானுங்கப்பா.” ஆறு மாதத் தற்காலிக விலையை நிரந்தர விலையாக மனசு எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் சலுகை மாறும்போதெல்லாம் நான் பழைய பாஸின் விலையோடு புதிய பாஸை ஒப்பிடுவதையே விட்டுவிட்டேன். பாஸே இல்லாமல் தொட்டுப் போனால் எனக்கு மாதம் எவ்வளவு ஆகும், அந்த ஒரு எண்ணோடு மட்டும்தான் ஒப்பிடுவேன். அந்த எண் உங்களிடம் இருந்தால் போதும், எவன் எந்தப் பெயரில் எந்த பாஸைக் கொண்டுவந்தாலும் ஒரு நிமிடத்தில் முடிவு எடுத்துவிடலாம். ரயிலுக்கும் டோலுக்கும் காசு ஏற்றி வைக்கிற டச் அண்ட் கோ கார்டில் கழிந்த கணக்கைச் செயலியிலோ இணையத்திலோ பார்த்து, சாதாரணமான ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் விழுந்த மாதம் வேண்டாம், கணக்குத் தப்பும்.

அடுத்தது அந்த 30 நாள். இது காலண்டர் மாதம் இல்லை, தொடர்ச்சியாக ஓடும் 30 நாள். வருசத்துக்கு 12 பாஸ் வாங்கினால் 360 நாள்தான், மீதி ஐந்து நாள் வெளியே நிற்கும். ஒரு நாள்கூட விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர் வருசத்துக்கு 600 வெள்ளிக்கும் கொஞ்சம் மேலே கட்டுகிறார். ஆனால் யார் விடாமல் போகிறார்கள்? நான் பார்ப்பது இதுதான்: பாஸ் முடிகிற நாளுக்குப் பின்னால் நீண்ட விடுமுறை வருகிறதா? வந்தால் புதுப்பிக்க மாட்டேன். ஊருக்குப் போய்விட்டு வந்து, வேலை தொடங்குகிற நாளில்தான் ஏற்றுவேன். இடையில் ஒன்றிரண்டு தடவை எங்கேயாவது போக வேண்டி வந்தால் கார்டில் இருக்கிற காசில் போய்க்கொள்ளலாம், சேவை முகப்பில் ஏற்ற நேரமில்லாவிட்டால் செயலியிலும் புதுப்பிக்க முடிகிறது, அதனால் முன்கூட்டியே ஏற்றி வைக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. வருசப் பாஸ் என்று ஒன்று இருந்தால் இந்த வசதி போய்விடும். பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும், வருசத்தில் ஐந்து வாரம் விட்டுவிட்டு வாங்குகிறவனுக்கு அந்தத் தள்ளுபடி ஏற்கனவே கையில் இருக்கிறது.

இதில் எனக்குப் பாடம் சொன்னவன் இங்கிலாந்தில் இருக்கும் என் அத்தை மகன். ரெடிங் ஊரில் வீடு, லண்டனில் வேலை. அங்கே வருச டிக்கெட்டின் விலை 40 வார டிக்கெட்டின் விலை. அதாவது 12 வாரம் இலவசம் மாதிரி. அதோடு கோல்ட் கார்ட் என்று ஒரு மரியாதை. லண்டனைச் சுற்றியுள்ள தென்கிழக்கு வட்டாரத்தில், நெரிசல் இல்லாத நேரத்தில் மற்ற ரயில்களிலும் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, கூட வருகிற பெரியவர்களுக்கும் அதே, பிள்ளைகளுக்கு 60 சதவீதம். 2015இல் இந்த எல்லையை இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கமும் விரித்தார்கள். விரித்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. ஹாட்டன், லாப்வொர்த் என்ற இரண்டு சின்ன ஸ்டேஷன்களுக்கு இடையே வருச டிக்கெட் மிகவும் மலிவு என்று கண்டுபிடித்து, அந்தப் பாதையில் ஒரு நாளும் ஏறாதவர்கள்கூட கார்டுக்காக மட்டும் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நம்ம ஆட்கள் அங்கே இருந்திருந்தால் முதல் ஆளாக வாங்கியிருப்பார்கள்.

மச்சானுக்கு அந்தக் கார்டின் மேல் ஒரு தனிப் பிரியம். சனி ஞாயிறு குடும்பத்தோடு வெளியே போவதற்கு அதுதான் துணை. கோவிட் முடிந்து வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் வந்தால் போதும் என்று ஆனபோதும் வருச டிக்கெட்டை விட மனசு வரவில்லை. 2021 ஜூனில் ஃபிளெக்ஸி டிக்கெட் வந்தது: 28 நாளுக்குள் ஏதாவது எட்டு நாள் போகலாம். இரண்டு நாள் வேலைக்கு அச்சில் வார்த்தது போல. ஆனால் அதற்கு கோல்ட் கார்ட் கிடையாது. போனில் என்னிடம், “டிக்கெட்டை மாத்தினா கார்டு போயிடும் மச்சான், புள்ளைங்களை எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது”ன்னு புலம்பினான். சரி, அந்தக் கார்டு இல்லாமல் அதே தள்ளுபடியைக் காசு கொடுத்து வாங்கினால் எவ்வளவு என்று கேட்டேன். நெட்வர்க் ரெயில்கார்ட் என்று ஒன்று இருக்கிறது, அதே தென்கிழக்கு வட்டாரம், அதே மூன்றில் ஒரு பங்கு, அப்போது வருசத்துக்கு 30 பவுன் (பவுண்டு). வார நாளில் காலை 10 மணிக்கு முன்னால் செல்லாது, குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு, ஆனால் அவன் போவதே சனி ஞாயிறுதானே. ஆயிரக்கணக்கான பவுன் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது 30 பவுன் பெறுமானமுள்ள ஒரு சலுகைக்காக. 2025 மார்ச்சில் அந்த ரெயில்கார்ட் 35 பவுன் ஆனது, அப்போதும் கணக்கு மாறவில்லை.

நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரிய டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிற சின்னச் சலுகைகளைத் தனியாகப் பிரித்து எடுத்து, இதை மட்டும் வெளியே வாங்கினால் என்ன விலை என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பாதிச் சலுகைகள் இளைத்துப்போகும். இன்னொன்று, அந்த ஒட்டுச் சலுகைகள்தான் முதலில் மாறும். ரயில் ஏறுகிற உரிமையைச் சட்டென்று குறைக்க முடியாது, ஊரே கூச்சல் போடும். துணைக்கு வருகிறவருக்குத் தள்ளுபடி, எந்த நேரத்திலிருந்து செல்லும், எந்த வட்டாரத்தில் செல்லும் மாதிரி விஷயங்களைச் சத்தமில்லாமல் மாற்றலாம். வருசக் காசை முதலிலேயே கொடுத்தவன் என்ன செய்வான்? இங்கிலாந்தில் வருச டிக்கெட்டைப் பாதியில் திருப்பிக் கொடுத்தால், மீதி மாதத்தைக் கணக்குப் பண்ணிக் காசு தருவதில்லை. ஓட்டிய காலத்துக்கு வார, மாத டிக்கெட் விலையைப் போட்டுக் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருகிறார்கள். பத்து மாதம் தாண்டினால் திரும்பி வர அனேகமாக ஒன்றுமே இருக்காது. நம் ஊரில் நாளைக்கு வருசப் பாஸ் வந்தாலும் முதலில் நான் படிக்கப் போவது திருப்பித் தரும் விதியைத்தான், தள்ளுபடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒட்டுச் சலுகை குறைவு, ஆனால் எல்லை விஷயத்தில் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். மை50 ரேபிட் கேஎல் வண்டிகளுக்கு மட்டும். கேடிஎம் கொமுட்டரில் செல்லாது, கேஎல்ஐஏ விமான நிலையம் போகும் ரயிலிலும் செல்லாது. கேஎல் சென்ட்ரலில் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் எல்லாம் ஒன்று என்று தோன்றும். கொமுட்டர் கேட்டிலும் அதே டச் அண்ட் கோ கார்டைத் தொட்டால் திறக்கும், ஆனால் பாஸில் இல்லை, கார்டில் இருக்கிற காசில் கழியும். பத்துமலைக்கு ரயிலில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அது கொமுட்டர் பாதை. 2024 தைப்பூசத்துக்கு கொமுட்டரை இலவசமாக விட்டார்கள், அதைப் பார்த்துவிட்டு மற்ற நாளிலும் பாஸில் போகலாம் என்று நினைத்த ஒரு பெரியம்மா கேட்டில் குறைந்த காசைப் பார்த்துத் திகைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். “பாஸ் இருக்கேப்பா, ஏன் காசு போவுது?” நான்தான் கொஞ்ச நேரம் நின்று விளக்கிச் சொன்னேன்.

என் தங்கச்சி கிள்ளானில் இருக்கிறாள். கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து எல்ஆர்டியில் கொஞ்ச தூரம். பெரிய செலவு கொமுட்டரில், அது பாஸுக்கு வெளியே. எல்ஆர்டி துண்டுக்கு ஒரு வழி 1 வெள்ளி 50 காசு என்று வைத்தால், தினமும் ஆபீஸ் போனால் 66 வெள்ளி, பாஸ் எடுத்தால் 16 வெள்ளி மிச்சம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் வேலை என்றால் மாதம் ஏறக்குறைய 26 பயணம், 39 வெள்ளி, பாஸ் நட்டம். அவளுடைய ஆபீஸ் எந்த மாதம் எத்தனை நாள் வரச் சொல்கிறது என்பதைப் பார்த்துத்தான் அவள் முடிவு எடுக்கிறாள். ஒரு மாதம் பாஸ், ஒரு மாதம் இல்லை. இப்படி ஆடுவதற்கு மாதப் பாஸ்தான் இடம் கொடுக்கிறது.

பாஸ் வைத்திருப்பதில் கணக்கில் வராத ஒரு சுகம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட ஆசை வந்தால் கேஎல்சிசியிலிருந்து எல்ஆர்டியில் ஏறிப் போய்விட்டு வருவேன், போக வர எவ்வளவு என்று யோசிப்பதே இல்லை. 2022 நவம்பரில் எல்ஆர்டியின் கிளானா ஜெயா பாதையில் கிளானா ஜெயாவிலிருந்து அம்பாங் பார்க் வரை 16 ஸ்டேஷன்களை ஒரு வாரம் போல மூடினார்களே, அந்த நாட்களில் நான் பசார் செனியில் மாறுவதை விட்டுவிட்டு எம்ஆர்டியிலேயே புக்கிட் பிந்தாங் வரை போய் இறங்கி, பெவிலியன் பேரங்காடியிலிருந்து கேஎல்சிசி மாநாட்டு மையத்துக்குப் போகும் குளிரூட்டிய நடைபாலத்தில் நடந்தேன். காலை வேளையில் சட்டை நனையாமல் போய்ச் சேர்ந்தது அதிசயம்தான். மறு வருசம் மார்ச்சில் எம்ஆர்டியின் புத்ராஜெயா பாதை முழுதாகத் திறந்தது. இப்போது துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் அந்தப் பாதைக்கு மாறி பெர்சியாரான் கேஎல்சிசியில் இறங்குகிறேன். பாஸ் விலை அதேதான், பாதை மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. சலுகையில் மாற்றம் என்றால் எப்போதும் குறைப்பது என்று அர்த்தம் இல்லை.

புதுப் பாதை திறக்கும்போது இலவச நாட்களும் வரும். புத்ராஜெயா பாதையின் முதல் பகுதி 2022 ஜூன் 16இல் திறந்தபோது ரேபிட் கேஎல் ரயில், பஸ் எல்லாமே ஒரு மாதம் இலவசம். என் பாஸ் முடிந்ததும் புதுப்பிக்காமல் சும்மா இருந்தேன். அதனால் அக்டோபரில் பட்ஜெட் பேச்சு வரும் நேரத்திலும் புதுப் பாதை திறக்கிற சமயத்திலும் புதுப்பிக்கும் முன் செய்தியை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

வீட்டில் எல்லாருக்கும் பாஸ் வாங்குவது இன்னொரு வீண். அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது, மூத்தோர் சலுகையில் பாதிக் கட்டணம். 3 வெள்ளி பயணம் அவருக்கு 1 வெள்ளி 50 காசு. மாதத்தில் 34 தடவையாவது ஏறினால்தான் 50 வெள்ளிப் பாஸ் லாபம். வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கும் மஸ்ஜித் இந்தியா கடைக்கும் போகிறவருக்கு எதற்கு? மகன் காலேஜ் படிக்கிறான், அவனுக்கும் பாதிக் கட்டணச் சலுகை உண்டு, அவன் தூரத்துக்கு மாதம் 40 பயணம் வரும்போது இரண்டும் ஏறக்குறைய சமம். செமஸ்டர் நடக்கும்போது பாஸ், விடுமுறையில் சலுகைக் கார்டு என்று விட்டிருக்கிறேன். ஆனால் அந்த மாணவர் சலுகை படிக்கிற வரைக்கும்தான். ஈப்போவிலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு நாள் ஊர் சுற்ற வந்தால் மைசிட்டி என்ற ஒரு நாள், மூன்று நாள் பாஸ் இருக்கிறது, அதை வாங்கிக் கொடுங்கள். உங்கள் மை50 கார்டைக் கொடுத்து அனுப்பாதீர்கள். அது மலேசியக் குடிமக்களுக்கு, மைகார்டு என்ற அடையாள அட்டையைக் காட்டி அவரவர் பெயரில் எடுப்பது. கணவன் காலை ஷிப்ட், மனைவி இரவு ஷிப்ட் என்றாலும் ஒரே கார்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடியாது.

கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ் ஏற்றுவதற்கு முன்னால் டச் அண்ட் கோ கார்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள், வருசக்கணக்காகப் பர்சில் கிடக்கிற கார்டில் பாஸை ஏற்றிவிட்டு இரண்டாவது வாரம் கேட் திறக்காமல் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்டின் பின்பக்கம் இருக்கிற எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள், ரசீதையும் அப்படியே, தொலைந்தால் முகப்பில் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டு டச் அண்ட் கோ கார்டு வைத்திருக்கிறவர்கள் பாஸ் இருக்கிற கார்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், டோலுக்கு வைத்திருக்கிற கார்டைத் தொட்டுவிட்டுக் காசு போனதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்ல முடியாது. மோட்டார் சைக்கிளில் ஸ்டேஷன் வரை வந்து ரயில் ஏறுகிறவர்கள் மழைக்காலத்தில் பர்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்வது நல்லது. என் மகனுடைய கார்டு ஒரு தடவை வெள்ளத்தில் நனைந்து, கேட்டில் அதைப் படிக்க முடியாமல் போய், மறுபடியும் வேறு கார்டு வாங்கி ஏற்ற வேண்டியதாயிற்று.